பிரேக் டப்பாவில் ஒரு வேப்பிலை

மஜீத் நானா வலது கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்கு நீண்ட குறடை அந்தச் சின்னத் தகர டப்பாவுக்குள் விட்டார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை எதையோ பிடித்து, மெதுவாக வெளியே இழுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கினார்.

ஓர் இலை. ரம்பம் போன்ற ஓரம், ஒரு பக்கமாக வளைந்த முதுகு. பச்சை போய்க் கறுத்திருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது.

"என்ன டீமேக்கரே, பிரேக் ஒயிலுக்குக் கறிவேப்பிலை தாளிச்சிரிக்கீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது கறிவேப்பிலை இல்லை, வேப்பிலை என்று திருத்தினேன். திருத்திய பிறகுதான் பயம் வந்தது. இறுக்கமாக மூடி போட்ட டப்பா. அதற்கும் மேலே வண்டியின் பானெட். அதற்கும் மேலே ஷெட்டின் தகரக் கூரை. மூன்று மூடிகளையும் தாண்டி ஒரு வேப்பிலை எப்படி உள்ளே போகும்?

இன்னும் ஒன்பது நாளில் அந்த வண்டியில் என் மனைவி பவளத்தை ஏற்றிக்கொண்டு, ஹப்புத்தளையிலிருந்து பெரகலவுக்கு இறங்கும் மலைப்பாதையில் நான் போக வேண்டியிருந்தது.

எட்டாவது ரோலர்

கதையைத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்திவிட்டு ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வாரமும் எனக்குச் சோறு இறங்காது. முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், நான் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் ஏழு என்று எழுதியிருந்தேன். ஏழு அல்ல, எட்டு. எட்டாவது ரோலர் வருசத்தில் பாதி நாள் பழுதாகி மூலையில் கிடக்கும். கிடந்தாலும் அது ரோலர்தான்.

எண்ணுவது எனக்குத் தொழிலில் வந்த வியாதி. கொழுந்து எத்தனை மணி நேரம் வாடியது, எத்தனை தட்டு உலர்ந்தது, எத்தனை பெட்டி கட்டியது என்று முப்பத்தாறு வருசம் எண்ணிய ஆளுக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எண்ணாமல் இரு என்றால் எப்படி? வீட்டுக் கூரை ஓடுகளை எண்ணினேன். ஹாலிஎல போகும் பஸ்களை எண்ணினேன். பவளம் தோசை சுடும்போது அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே இந்த வண்டியிலும் எண்ணி வைத்திருந்தேன். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றுகிற வாய்கள் மொத்தம் பன்னிரண்டு. எஞ்சினுக்கு ஒன்று. கியர்பெட்டிக்கு ஒன்று. பின் அச்சுக்கு ஒன்று. ரேடியேட்டருக்கு ஒன்று. பிரேக், கிளட்ச் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தகர டப்பாக்கள். இரட்டைக் கார்புரேட்டரின் தலையில் ஒவ்வொன்றாக இரண்டு. குலுக்கத்தைத் தாங்கும் கைகளுக்கு நான்கு. பன்னிரண்டு. இதில் சந்தேகமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பேர் மட்டும்

இந்த வண்டி என்னிடம் வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அது தோட்டத்துக் கடைசி வெள்ளைக்கார துரையின் கார். இருவர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, தரையோடு ஒட்டி ஓடும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்தில் எல்லாரும் அதைத் தவளை என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி அது போகும்போது, வரிசையில் நிற்கிற பெண்கள் கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். துரையின் தலை மட்டும் தேயிலைச் செடிகளுக்கு மேலே தனியாகப் போவதுபோலத் தெரியும்.

நான் அப்போது தொழிற்சாலையில் உதவி டீமேக்கர், அதாவது தேயிலையைப் பக்குவம் பார்த்து எடுக்கும் அதிகாரிக்கு உதவியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை அதன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் கரியோடு நிற்பார். விளக்குப் பிடிக்கவும் சாமான் எடுத்துக் கொடுக்கவும் என்னைக் கூப்பிடுவார். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு அவர் ஊருக்குப் புறப்பட்டார். பியானோவை ஒருவர் எடுத்தார், நாய்களை ஒருவர் எடுத்தார். தவளையை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள் இரண்டு பேர் போகிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? சாவியை என் கையில் வைத்துவிட்டு, எண்ணெயை மட்டும் மறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறக்கவில்லை. முதல் சில வருசம் எஞ்சின் ஒயிலை மறக்கவே இல்லை. மற்றப் பதினொன்றையும் யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பெரகல இறக்கம்

பவளம் பிறந்தது ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கல்யாணம் முடிந்த முதல் தீபாவளிக்கு அவளை அங்கே கூட்டிப் போனேன். மடியில் பெரிய பிஸ்கட் தகரம் நிறைய முறுக்கு. ஹப்புத்தளை தாண்டி இறக்கம் தொடங்கியதிலிருந்து நான் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். மனைவிக்குப் பயமில்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நினைத்து அப்படிச் செய்தேன்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் மிதித்தேன். மிதி பஞ்சுபோல் இறங்கித் தரையில் போய் முட்டியது. வண்டி நிற்கவில்லை.

என்ன செய்தேன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கியரைக் குறைத்திருக்கிறேன், கைப்பிரேக்கை இழுத்திருக்கிறேன், மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் முன் சக்கரத்தை விட்டிருக்கிறேன். வண்டி சாய்ந்து நின்றது. முறுக்குத் தகரம் பறந்துபோய் ரோட்டில் விழுந்து திறந்துகொண்டது. பவளம் கழுத்தில் கட்டிய தாலியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் வந்த தேயிலை லொறியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஆறு பேர். கானுக்குள் கிடந்த காரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேசையைத் தூக்குவதுபோல் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். ஒருவர், இதைத் தலையில வச்சே கொண்டுபோயிருக்கலாமே ஐயா என்று கேட்டுவிட்டுப் போனார். மிச்ச முறுக்கை அவர்களுக்கே கொடுத்தோம்.

எங்கள் ஊர் பதுளைக்குத் திரும்பியதும் வண்டியை மஜீத் நானாவிடம் விட்டேன். பஜாரில் அவருடைய வாப்பா நடத்திய உதிரிப்பாகக் கடையில் அவர்தான் அப்போது நின்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் நானா, அண்ணன் முறை. பிரேக் ஒயில் பழசாகித் தண்ணீர் ஏறியிருந்தது என்றார். அந்த ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே குடிக்குமாம். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

நான் தலையாட்டினேன். பவளம் அதோடு விடவில்லை. பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் பானெட்டைத் திறந்து, அந்தத் தகர டப்பாவைத் தொட்டுக் காட்டினார். மூடியைக் கழற்றி உள்ளே ஒரு கோட்டைக் காட்டினார்.

"இந்தக் கோடு வரைக்கும் நெறஞ்சி இரிக்கணும் தங்கச்சி. கொறயாம இருந்தா ஒரு பயமும் இல்ல."

அவள் அந்தக் கோட்டைக் கண்ணால் குத்திப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பால்காரனின் அளவுக் கோப்பையைப் பார்ப்பதுபோல.

அக்காவின் போன்

ஊரடங்கு வந்தபோது தவளை ஷெட்டுக்குள் போனது. அது முடிந்ததும் பெட்ரோல் வரிசை வந்தது. வரிசை முடிந்ததும் என் இரண்டு கண்ணிலும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஆபரேஷன் செய்தார்கள். இப்படியே ஐந்து வருசம் போய்விட்டது. டயர்கள் தரையில் உட்கார்ந்த பக்கம் தட்டையாகிவிட்டன. கூரைத் துணியில் ஒரு பூனை மூன்று தடவை குட்டி போட்டது. மொத்தம் பதினொரு குட்டிகள்.

பவளத்துக்கு மூடிய வண்டி ஆகாது. பஸ், வேன், கார் எதுவானாலும், பண்டாரவளை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். பெரகல இறக்கத்தில் எலுமிச்சம்பழமும் உதவாது. முகத்தில் காற்று அடிக்கிற தவளையில் மட்டும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே தவளை நின்ற அன்றோடு அவள் பிறந்த தோட்டத்துக்குப் போவதும் நின்றது. அங்கே அவளுக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா, நாகம்மா. எண்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலைத் தாண்டி நடப்பதில்லை. இரண்டு பேரும் போனில்தான் பேசிக்கொண்டார்கள். கேட்காத காது இரண்டு பக்கமும் இருந்ததால் பாதி பேச்சு, என்னா, என்னா என்பதுதான்.

இந்த ஆடி பிறக்கும் முன்னால் அக்கா போன் எடுத்தார். பவளம் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஆடிப் பூசைக்கு வாறியாடி? நானும் சாகாம இழுத்துப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கேன், நீ வரமாட்டேங்கிற. எனக்கும் வேற வேல இருக்குல்ல."

பவளம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஷெட்டுச் சாவியைத் தேடப் போனேன்.

வெள்ளைக் கோப்பைகள்

மஜீத் நானாவுக்கு இப்போது கடை இல்லை. கடை இருந்த இடத்தில் அவருடைய மகன் கைபேசி விற்கிறார். பின்னறையில் மட்டும் வாப்பா காலத்து அலுமாரிகள் இரண்டு இருக்கின்றன. தவளைக்குத் தேவையான ரப்பர்களில் பாதி உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த அலுமாரியில் இருக்கின்றன என்பது அவருடைய வாதம். நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. கூப்பிட்டதும் ஒரு பையோடு வந்துவிட்டார்.

முதல் நாளே தகராறு. குறைந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினால் போதும், கிழட்டு வண்டியை ரொம்பக் கிளறக்கூடாது என்றார் அவர். பன்னிரண்டையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்றேன் நான். அப்படியானால் பன்னிரண்டையும் நீங்களே கீழே படுத்து வடியுங்கள், எனக்கு இடுப்பு வளையாது என்றார். எனக்கும் வளையவில்லை. ஆனாலும் பழைய கோணிச்சாக்கை விரித்துப் படுத்தேன்.

என்னிடம் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கோப்பைகள் இருக்கின்றன. தேயிலைச் சாயத்தின் நிறம் பார்ப்பதற்கு வைத்திருக்கும் கைப்பிடி இல்லாத கோப்பைகள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வடிந்ததில் கொஞ்சம் கொஞ்சம் அவற்றில் ஊற்றி, ஷெட்டு வாசல் சுவரில் வரிசையாக வைத்தேன். நிறம் பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்காது.

எஞ்சின் ஒயில் தார் மாதிரி இருந்தது. கியர்பெட்டி ஒயில் மட்டும் நல்ல பொன்னிறம், விரலில் தொட்டால் வழுக்கியது, பித்தளைத் தூள் ஒன்றிரண்டு மின்னியது. பின் அச்சு ஒயில் அடைத்து வைத்த மீன் டின்னைத் திறந்ததுபோல் நாறியது. ரேடியேட்டர் தண்ணீர் செங்கல் கரைத்த நிறத்தில் வந்தது. கிளட்ச் ஒயில், மறந்துபோய் அடுப்பில் விட்ட வெறுந்தேத்தண்ணி.

பவளம் தேநீர்த் தட்டோடு வந்தவள் சுவரைப் பார்த்து நின்றாள். "வீட்டுக்கு யாராச்சும் வந்து எடுத்துக் குடிச்சுட்டா என்னா செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு, எங்களுடைய தேநீரை அந்தக் கோப்பைகளிலிருந்து தள்ளி, வேறு பலகையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிரேக் டப்பாவை இரண்டாம் நாளுக்கு வைத்திருந்தோம். மஜீத் நானா மூடியைத் திறந்ததும் ஆச்சரியப்பட்டார். பின் சக்கரங்கள் இரண்டிலும் கசிவு இருந்தது, உட்பக்கம் ஈரமாக இருந்தது. அப்படியானால் டப்பா பாதியாவது குறைந்திருக்க வேண்டும். ஆனால் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. நிறம் ஒரு மாதிரி மஞ்சள். உள்ளே ஏதோ கறுப்பாகக் கிடந்தது. அப்போதுதான் அவர் குறடை எடுத்தார்.

யார் போட்ட இலை

நாங்கள் இருவரும் இலையை முறைத்துக்கொண்டிருந்தபோது பவளம் காலிக் கோப்பை எடுக்க வந்தாள். குறடின் நுனியைப் பார்த்தாள்.

"அது நம்ம இலைதான்," என்றாள். கடையில் மறந்துவைத்த குடையை அடையாளம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு அவளே விவரமும் சொன்னாள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நான் வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவள் மாரியம்மன் கோயிலிலிருந்து செம்பில் தீர்த்தம் கொண்டுவருவாள், மஞ்சள் கலந்து வேப்பிலை போட்ட தண்ணீர். வீட்டின் நான்கு மூலையிலும் தெளிப்பாள். கடைசியாக பானெட்டைத் தூக்கி, மஜீத் நானா காட்டிய டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஓடாத வண்டியிலும் கோடு ஒவ்வொரு வருசமும் ஒரு விரல் இறங்கியிருந்தது. கோட்டுக்கு வரும்வரை தீர்த்தத்தை ஊற்றி மூடிவிடுவாள். ஐந்து ஆயுத பூசை.

"நீங்கதானே சொன்னீங்க நானா, கொறயக்கூடாதுன்னு. கொறஞ்ச எடத்துல சும்மா தண்ணியவா ஊத்துவேன்? ஆத்தா தீர்த்தம்."

மஜீத் நானா முதலில் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின் சக்கரத்து சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்ததும் நிறுத்திவிட்டார். துரு உள்சுவரைத் தின்றிருந்தது. இப்படியே ஓட்டிப்போயிருந்தால் ஹப்புத்தளை தாண்டி மூன்றாவது வளைவில் மிதி தரைக்குப் போயிருக்கும் என்றார். அவர் அதை என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். போனில் அக்கா பேசுவது கேட்காத பவளத்தின் காதுக்கு அது கேட்டுவிட்டது.

அவள் தட்டைப் பலகையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அப்ப நானே உங்களை மேல அனுப்பி வச்சிருப்பேன்," என்றாள் என்னிடம்.

அப்படி இல்லை, வடித்துவிடலாம், எல்லாம் கழுவிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவையான ரப்பர்கள் எத்தனை என்று எண்ணியும் சொன்னேன். எண்கள் அவளிடம் போய்ச் சேரவில்லை. உள்ளே போய் அக்காவுக்குப் போன் எடுத்து, இந்த வருசமும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா, என்னா, என்னா என்று கேட்டது வாசல்வரை கேட்டது.

மிதிங்க தங்கச்சி

அடுத்த நான்கு நாளும் அவள் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. தேநீர் ஜன்னல் வழியாக வந்தது.

மஜீத் நானா நான்கு சக்கரத்துச் சிலிண்டர்களையும் கழற்றிக்கொண்டு போய்த் துருவைத் தேய்த்தெடுத்தார். தேய்க்க முடியாதபடி போயிருந்த ஒன்றுக்குப் பதிலாக, அலுமாரியிலிருந்து மெழுகுத்தாள் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கொடுக்கும்போது, உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். குழாய்களுக்குள் சாராயம்போல் வாசமடிக்கும் ஒரு திரவத்தை விட்டு ஊதினோம். மஞ்சள் போகும்வரை ஊதினோம். புது ஒயில் போத்தலைத் திறந்து டப்பாவில் ஊற்றினார். மிக லேசான சாயம், முதல் கொழுந்துத் தேயிலைக்குத்தான் அந்த நிறம் வரும்.

இனிக் காற்று எடுக்க வேண்டும். பிரேக் குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் மிதி பஞ்சாகிவிடும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் படுத்து காற்று வெளியேறும் மூக்கைத் தளர்த்தி இறுக்க வேண்டும், ஒருவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை. நாங்கள் இரண்டு பேர்.

மஜீத் நானா ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, டீமேக்கருக்குக் கால் இல்ல, எனக்கு இடுப்பு இல்ல. உங்கட காலைக் கொஞ்சம் தாங்களே."

பிறகு பின்வாசல் கதவு திறந்தது. வந்தாள். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து என்னுடைய சீட்டில் உட்கார்ந்தாள். அத்தனை வருசத்தில் அவள் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் எட்டவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தேன்.

"மிதிங்க தங்கச்சி… புடிச்சிரிங்க… ம், விடுங்க."

முதலில் மிதி சொதசொதவென்று போனது. நான் கீழே படுத்திருந்தேன். மூக்கில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழிகள் வருவதைப் பார்த்து எண்ணினேன். பின் இடது சக்கரம், பின் வலது, முன் இடது. கடைசிச் சக்கரத்தில் குமிழிகள் குறைந்தன. நான்கு. இரண்டு. ஒன்று. பிறகு வெறும் ஒயில் மட்டும் வந்தது.

"இப்ப மிதிங்க," என்றார் மஜீத் நானா.

அவள் மிதித்தாள். மறுபடி மிதித்தாள். மேலேயிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"கல்லு மாதிரி இருக்கு."

நான் சக்கரத்தடியிலிருந்து வெளியே வந்தேன். அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமலே மஜீத் நானாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா, இந்த ஒயிலை ஊத்தக்குள்ள எதாச்சும் சொல்லி ஊத்தினீங்களா? இல்ல, சும்மா ஊத்தினீங்களா?"

நானா போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிஸ்மி சொல்லாம நான் ஒரு ஆணியும் கழட்டுறல்ல தங்கச்சி. வாப்பா பழக்கினது."

அவள் தலையாட்டினாள். "அப்ப சரி," என்று சொல்லி இறங்கி, முந்தானையை உதறிக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுக்கப் போனாள்.

பதின்மூன்றாவது

புறப்படுகிற நாள் காலையில் பவளம் செம்போடு வந்து நின்றாள். மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது. ஆனால் அவள் பிரேக் டப்பா பக்கம் போகவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இதுல தண்ணி ஊத்துற எடம் எதுவுமே இல்லையா?"

ரேடியேட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதில் நீல நிறத்தில் புதுக் கூலண்ட் ஊற்றியிருந்தோம். வேறு எது? பானெட்டுக்குள் பார்த்தேன். பன்னிரண்டையும் மறுபடி எண்ணினேன். எண்ணி முடித்துத் தலையை நிமிர்த்தும்போது, எஞ்சின் அறைச் சுவரோரம் கம்பி வளையத்தில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் போத்தல் கண்ணில் பட்டது. வெறுமையாக, தூசி படிந்து இருந்தது. முன் கண்ணாடியில் தண்ணீர் பீச்சி அடிப்பதற்கான போத்தல். அது பதின்மூன்றாவது வாய். இத்தனை வருசமாக நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

"இருக்கு," என்றேன். "இதுக்குத் தண்ணிதான் வேணும். மலையில பனி மூடினா கண்ணாடி துடைக்க."

அவள் யோசித்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணி வடிகட்டியை எடுத்துவந்தாள். இலைகளை வடித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் போத்தலில் ஊற்றினாள். மஜீத் நானா கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் தங்கச்சி மெக்கானிக் ஆயிட்டா என்றார்.

பண்டாரவளை வரை வெயில். ஹப்புத்தளையில் கூரையைத் திறந்துதான் வைத்திருந்தோம், பவளத்தின் முகத்தில் காற்று அடிக்க வேண்டுமே. அதைத் தாண்டியதும் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து ரோட்டை மூடியது. இரண்டாம் கியரில் இறங்கினேன். இந்தத் தடவை காலை மிதியில் வைத்துக்கொண்டே இருக்கவில்லை, தேவையான இடத்தில் மட்டும் மிதித்தேன்.

அந்த வளைவு வந்தது. கான் சிமெந்தாகியிருந்தது, மற்றபடி அதே மலை, அதே பாறை.

"இங்க நிப்பாட்டுங்க," என்றாள்.

மிதித்தேன். வண்டி அப்படியே நின்றது. அவள் கானை எட்டிப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். பிறகு முன்பலகையிலிருந்த சின்னக் குமிழைக் கையால் அமுக்கினாள். இரண்டு பீச்சு. ஒன்று கண்ணாடியில் விழுந்து வழிந்தது. மற்றது எப்போதோ திசை மாறிப்போயிருந்தது. கண்ணாடிக்கு மேலே பறந்து வந்து எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்து, கையைத் தலைமுடியில் தடவிக்கொண்டாள்.

"போங்க," என்றாள்.

அக்காவின் செம்பு

லயத்து வாசலில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தவளை வருவதைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. பவளம் இறங்கி ஓடினாள். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர், என்னா, என்னா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, வாற வழியில பந்தியில ஒக்காந்து சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டார் அக்கா.

பூசை முடிந்து, மறுநாள் காலையில் நாங்கள் புறப்படும் முன் நான் பானெட்டைத் திறந்து எல்லாக் கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன. திரும்பினால் அக்கா ஓர் ஊன்றுகோலோடு நின்றார். எப்படி நடந்து வந்தார் என்று தெரியவில்லை. மறு கையில் செம்பு. ஆடிப் பூசைத் தீர்த்தம்.

"நல்லபடியாப் போய்ச் சேரணும்," என்று சொல்லி, கைக்கு எட்டிய முதல் டப்பாவின் மூடியைத் திருகத் தொடங்கினார். பிரேக் டப்பா.

என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் பவளம் வந்துவிட்டாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, அதுல கை வைக்காத. அது நானா எடம். நம்ம எடம் இந்தா, இங்க இருக்கு."

பதின்மூன்றாவது மூடியைத் திறந்தாள். கைப்பையிலிருந்து தேத்தண்ணி வடிகட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தாள். அக்கா ஊற்றினார். வடிகட்டியில் நான்கு இலைகள் தங்கின.